உட்காரக் கூடாத நாற்காலி

குற்றவழிச் சொத்து மீட்பு மன்றம் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியும் அது முழுதாக மீட்டுக் காட்டிய சொத்து ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாற்காலி.

இதற்காக மன்றத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. மீட்க வேண்டியவை நிறையவே இருந்தன. ஊரார் சேமிப்பையெல்லாம் வைப்புத்தொகை என்று வாங்கி ஏப்பம் விட்ட ஒரு நிதி நிறுவனத்தின் முதலாளிக்கு இரண்டு மாளிகைகளும் ஒரு தோட்டமும் ஒரு உல்லாசப் படகும் இருந்தன. ஆனால் மாளிகைகள் மாமனார் பேரில் இருந்தன. தோட்டம் மாமனாருடைய சமையல்காரர் பேரில் இருந்தது. படகு யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்து முடிப்பதற்குள் அது புறப்பட்டுப் போய்விட்டது. முதலாளியை மட்டும் விட்டுவிடவில்லை. உடல்நலம் கருதி முதல் மாளிகையிலேயே வீட்டுக்காவலில் வைத்தார்கள். வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். முன்பு அந்த வேலைக்கு அவர் சொந்தச் செலவில் ஆள் வைத்திருந்தார்.

நாற்காலி ஓடவில்லை, ஒளியவில்லை, மாமனார் பேரிலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டபோது ஒருவன் "என் வீட்லதான் சார்" என்றான். மன்றத்துக்கு அப்படி ஒரு பதில் கிடைத்தது அதுவே முதல் முறை.

அவன் கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். எல்லோருக்கும் கண்ணாடிக்காரன். கல்லூரியில் படித்தவன், அதிகம் பேச மாட்டான். ஒரு நாளில் அவன் பேசுகிற பேச்சில் பாதி, "இது நல்லாத் தெரியுதா, இல்ல இதுவா?" என்பதுதான். மனைவி இறந்த பிறகு மீதிப் பாதியும் குறைந்துபோனது.

அவன் மனைவி அந்த நிதி நிறுவனத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற வேலையில் இருந்தாள். "உங்க பணம் பத்திரமா இருக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. அவளும் அதை நம்பித்தான் சொன்னாள். நிறுவனம் தன் வரவேற்பறையைப் புதுப்பித்தபோது பழைய நாற்காலிகளை ஊழியர்களுக்கே விற்று, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அவள் ஒன்று வாங்கினாள். நல்ல கனமான, கை வைத்த, பஞ்சு வைத்துத் தைத்த நாற்காலி. வீட்டுக்குள் கொண்டுவர இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிறகு அவளுக்கு நுரையீரல் கெட்டது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால்தான் தூக்கம். வேலையை விட்டாள், கட்டிலை விட்டாள், நாற்காலிக்கே குடிபோனாள். அதை அவள் போடச் சொன்ன விதம்தான் கண்ணாடிக்காரனுக்குப் பிடிபடவில்லை. சன்னலுக்கு முதுகு, வாசல் கதவுக்கு முகம். சன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் தெருவாவது தெரியுமே என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். கண்ணைக் குத்துகிறது என்று யாராவது சொன்னால் அவன் கை சும்மா இருக்காது. லேசான சாயக் கண்ணாடி ஒன்று செய்துகொண்டுவந்து மாட்டிவிட்டான். அவள் அதையும் போட்டுக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மதியம், அவன் கடையில் யாருக்கோ கண்ணாடிக் காம்பை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

நாற்காலியின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த பள்ளம், அவள் அப்படித்தான் சாய்ந்து உட்காருவாள். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, அவள் இருந்தபோதும் இல்லை, பிறகும் இல்லை. காலையில் கடைக்குக் கிளம்புமுன் அந்தப் பள்ளத்தை ஒருமுறை பார்ப்பான். அவ்வளவுதான். அழுகை என்றாவது வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் காத்திருந்தான். அழுகை வரவில்லை. மீட்பு அதிகாரி வந்தார்.

அதிகாரி தங்கமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. நாற்காலி எப்படி வந்தது என்று கேட்டார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று அவன் சொன்னதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நிறுவனம் நாற்காலியை வாங்கியது ஊரார் பணத்தில். அதை அவளுக்கு விற்றது. அவள் விலை கொடுத்தது சம்பளத்தில். சம்பளம் வந்தது ஊரார் பணத்தில். அந்தப் பணம் மறுபடியும் நிறுவனத்துக்கே போனது. இதை அவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார்.

"குற்றம் ஒரு முழுச் சுத்து சுத்தி வந்து உங்க வீட்ல உக்காந்திருக்கு. சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான கேஸ நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார், பெண் பார்த்துவிட்டு வந்த திருப்தியோடு.

மன்றத்தின் கிடங்கில் இடமில்லை. கிடங்கு முழுக்க, கிடங்கு கட்டுவது பற்றிய கோப்புகள் இருந்தன. எனவே நாற்காலியை அவன் வீட்டிலேயே பறிமுதல் செய்து, அவனையே அதற்குப் பொறுப்பாளராக நியமித்தார். நாற்காலியின் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சிவப்பு நாடா கட்டி முத்திரை வைத்தார். இனி யாரும் அதில் உட்காரக் கூடாது, அதன் நிலை கெடக் கூடாது, ஒவ்வொரு விசாரணைக்கும் அதை மன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். கிளம்பும்போதுதான் பள்ளத்தைப் பார்த்தார். இது எப்படி என்று கேட்டார்.

"அவ உக்காந்தது சார்."

அதிகாரி அனுதாபத்தோடு தலையசைத்து, 'சேதம்' என்று எழுதிக்கொண்டார்.

விசாரணைக்கு நாற்காலியை ஏற்றிப் போக மனைவியின் தம்பி வந்தான். காய்கறி வண்டி ஓட்டுகிறவன். கோஸ் மூட்டைகளை ஒதுக்கி, பழைய போர்வை விரித்து, நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினான். அக்காவின் நாற்காலி என்பதால் கயிற்றுக்கு அடியில் துணியும் மடித்து வைத்தான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"இதுக்கு இருக்கற மரியாதையப் பாருங்க மாமா. முதலாளிய ஒரு தடவயாவது இப்படிக் கட்டி ஏத்திக் கொண்டுவந்தாங்களா? இது போற போக்கப் பாத்தா அடுத்த வாட்டி ஜாமீன் கேக்கும்."

மன்றத்து வாசலில் காவலர், அடையாளச் சீட்டு இல்லாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார். எதுவும் என்றால் எதுவும். நாற்காலிக்கு ஒரு சீட்டு எழுதி அதன் கழுத்தில் மாட்டினார்கள். கழுத்து எது என்பதில் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. சீட்டில் 'பார்வையாளர்' என்று இருந்தது. வந்த நோக்கம் என்ற இடத்தில் காவலர் யோசித்துப் பார்த்து 'சொந்தக் காரணம்' என்று எழுதினார். மின்தூக்கி நீதிபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும். சொத்துகள் படியேறித்தான் போக வேண்டும். மச்சினன் முன்னால் பிடிக்க, கண்ணாடிக்காரன் பின்னால் பிடிக்க, நாற்காலி சாயாமல் மேலே போனது.

மாடியில் நீண்ட நடைவழி. அங்கே உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. முன்பு இருந்ததாம். அந்தப் பெஞ்சுகளைச் செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு வந்ததால், பெஞ்சுகள் எல்லாம் இப்போது சாட்சியப் பொருளாகப் பூட்டிய அறையில் இருந்தன. ஆகவே அத்தனை பேரும் நின்றார்கள். நடுவில் அந்த நாற்காலி இருந்தது. அதைச் சுற்றி நின்றார்கள்.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். வேலை செய்த காலத்துச் சேமிப்பை முழுக்க அந்த நிறுவனத்தில் போட்டு இழந்தவர். விசாரணை எதையும் தவறவிடாமல் வருகிறவர். கால் வீங்கியிருந்தது. சுவரில் சாய்ந்தபடி நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பணத்துலதான் இத வாங்கினாங்களாமே? என் பங்குக்கு இதுல எவ்வளவு வரும்னு நெனைக்கிற? ஒரு கை வருமா?"

கண்ணாடிக்காரன் நாற்காலியின் கையைப் பார்த்தான்.

"கை வேணாம். காலு குடுத்தாப் போதும். என்னோடது ரெண்டும் போச்சு" என்றார் நர்ஸம்மா. பிறகு பள்ளத்தைக் கவனித்தார். "படுக்க முடியாதவங்களா இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையசைத்தான். அன்றிலிருந்து, வேறு யாராவது மறந்துபோய் நாற்காலியில் பையை வைக்க வந்தால்கூட நர்ஸம்மா வார்டில் அதட்டுவதுபோல அதட்டி விரட்டினார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சொத்து வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருக்கிறது என்றார்கள். பொறுப்பாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அவரும் வந்திருக்கிறார் என்றார்கள். நல்லது என்று சொல்லி வழக்கை ஒத்திவைத்தார். மறுபடியும் மாடியிலிருந்து கீழே.

இப்படியே பல தடவை. ஒரு தடவை நீதிபதி விடுப்பு. ஒரு தடவை நாற்காலி வந்தது, அதன் சீட்டுக் காலாவதியாகியிருந்தது. ஒரு தடவை வண்டி வழியில் நின்றுபோய், கண்ணாடிக்காரன் மட்டும் ஓடிவந்து கைகட்டி நின்றான். அவன் வந்ததை மன்றம் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆஜராகாத நாற்காலிக்குப் பிடிவாரண்டு பிறப்பித்தது. மறுநாள் இரண்டு காவலர்கள் ஜீப்பில் வந்து நாற்காலியைக் கைது செய்தார்கள். பின்னால் அது ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. காவலர்கள் இருவரும் இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டு போனார்கள். கடைவீதியில் பார்த்தவர்கள் யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இதற்கிடையில் மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழா வந்தது. நாற்காலியை மேடையில் வைத்து, மாலை போட்டு, விளக்கு வெளிச்சம் பாய்ச்சினார்கள். பொறுப்பாளரும் கூடவே மேடையில் நிற்க வேண்டியதாயிற்று. மன்றத்தின் தலைவர் பேசினார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த மன்றத்துக்கு உக்கார ஒரு நாற்காலிகூடக் கெடையாது. இன்னைக்கு நம்மகிட்ட உக்காரவே கூடாத நாற்காலி இருக்கு. இதுதான் வளர்ச்சி."

கைதட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பெரிய மீன விட்டுட்டுச் சின்ன மீனப் பிடிக்கிறோம்னு சில பேர் எழுதுறாங்க. பெரிய மீன் பெருசு. அதுக்குப் பெரிய வலை வேணும். வலைக்கு நிதி கேட்டிருக்கோம். நிதி வர்ற வரைக்கும் கைக்கு அடங்கினதப் பிடிக்கிறோம். ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். நம்ம மன்றத்துல ஏழை பணக்காரன் பேதமே கெடையாது. பிடிபடுற எல்லா ஏழையையும் ஒரே மாதிரிதான் நடத்துறோம்."

முதலாளி மாளிகையிலிருந்து வாழ்த்து அனுப்பியிருந்தார். விழாப் பந்தல் மாமனார் உபயம். விருந்தினர்கள் வரிசையில் வந்து நாற்காலியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடிக்காரனிடம், கொஞ்சம் நகர்ந்துகொண்டால் படத்தில் நாற்காலி முழுதாக விழும் என்று கேட்டுக்கொண்டார். அவன் நகர்ந்தான்.

விழா முடிந்ததும் வழக்குக்கு வேகம் பிறந்தது. மதிப்பீட்டாளர் என்று ஒருவரை அனுப்பினார்கள். அவர் நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பள்ளத்தில் ஒரு கம்பியை நிறுத்தி ஆழம் பார்த்தார். குற்றம் நடந்த காலத்தில் இந்தப் பள்ளம் இல்லை, எனவே இது பிற்பாடு ஏற்பட்ட குறை, இதனால் பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பெரும் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த விசாரணையில் அரசு வக்கீல் எழுந்து, பொறுப்பாளர் தன் செலவில் பழைய பஞ்சை எடுத்துவிட்டு, புதுப் பஞ்சு வைத்து, பள்ளத்தை நிரப்பி, முதல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். நீதிபதி சம்மதித்துப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"முடியாது சார்" என்றான் கண்ணாடிக்காரன்.

மன்றத்தில் இத்தனை காலமும் "சரி சார்" தவிர வேறொன்றும் சொல்லாதவன். தட்டச்சுக்காரர் விரலை நிறுத்திவிட்டு, இதை எழுதலாமா என்பதுபோல் நீதிபதியைப் பார்த்தார்.

செலவு செய்ய வசதியில்லையா என்று நீதிபதி கேட்டார். அதற்கில்லை என்றான். நாற்காலியைக் கொடுக்க மனமில்லையா என்றார்.

"நாற்காலிய எடுத்துக்கங்க சார். அத நான் ஒருநாளும் கேக்கல. பள்ளத்த நிரப்ப வேணாம். இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீதிபதி உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். ஒன்றும் இல்லை, அதனால்தான் பள்ளம் என்று சொல்லலாமா என்று அவனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "அவ இருந்த எடம் சார்" என்றான்.

அரசு வக்கீல் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே சட்டம் படித்தவர். கருப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். பள்ளம் எதனால் உண்டாகிறது? எடையால். எடை எதனால் உண்டாகிறது? உணவால். இறந்தவர் உண்ட உணவு எந்தப் பணத்தில் வந்தது? சம்பளத்தில். சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை இம்மன்றம் அறியும்.

"ஆகவே கனம் நீதிபதி அவர்களே, அந்த அம்மாவோட எடையே குற்றவழி எடை. பள்ளமும் அரசுக்குத்தான் சொந்தம். அரசு தன் பள்ளத்தத் தானே நிரப்பிக்கறதுல இவருக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை கெடையாது."

மன்றமே சிலிர்த்தது. மீட்பு அதிகாரி காற்றில் விரலால் மறுபடியும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டார். நீதிபதி, இதற்குப் பொறுப்பாளர் பதில் என்ன என்று கேட்டார். அந்த நாட்களில் இறந்தவர் எவ்வளவு எடை இருந்தார் என்றும் கேட்டார்.

"நாற்காலிக்குப் போனப்புறம் அவ சம்பளமே வாங்கல சார். சாப்பாடு என் கடைக் காசு." நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். "சாப்பாடுன்னும் சொல்ல முடியாது. ரெண்டு வாய் கஞ்சி. கடைசில அவளுக்கு எடையே இல்ல சார். நான் ஒரு கையாலயே தூக்கிருவேன்."

எடை இல்லாதவர் எப்படிப் பள்ளம் உண்டாக்கினார் என்று அரசு வக்கீல் கேட்டார்.

அப்போது பின்னாலிருந்து நர்ஸம்மா முன்னால் வந்துவிட்டார். அவரைத் தடுக்க ஆள் வருவதற்குள் பேசியும் விட்டார். "ராத்திரி பகலா ஒரே எடத்துல மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா பள்ளம் விழாம என்ன செய்யும் ஐயா? இதுக்கு எடை வேணாம். நாள் போதும். எங்களுக்காகத்தான வாங்குறீங்க? எங்களுக்கு இது வேணாம். அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்துருங்க."

நீதிபதி பொறுமையாக விளக்கினார். நர்ஸம்மா இந்த வழக்கின் பயனாளி. பயனாளிக்கு என்ன பயன் என்பதை மன்றம்தான் முடிவு செய்யும். அதில் பயனாளி தலையிட்டால் பயன் கெட்டுவிடும். ஆனாலும் நர்ஸம்மா சொன்னதில் ஏதோ ஒன்று அவருக்குள் தைத்திருக்க வேண்டும். தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, எழுந்து போகும்போது நாற்காலியருகே ஒரு நிமிடம் நின்றார். கண்ணாடியை இறக்கியும் ஏற்றியும் பள்ளத்தைப் பார்த்தார். அவருக்குப் பவர் மாற்ற வேண்டும் என்று கண்ணாடிக்காரனுக்குத் தோன்றியது.

தீர்ப்பு நாளில் நடைவழி நிரம்பிவிட்டது. நீதிபதி நெடுநேரம் வாசித்தார். மனித உழைப்பு, மனித உடல், மனிதத் துயரம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். நாற்காலி வாங்கப்பட்ட பொருள். எனவே அது குற்றத்தோடு தொடர்புடையது. பள்ளம் வாங்கப்பட்டதல்ல. அது ஒரு குடிமகள் தன் சொந்த நாட்களைக் கொண்டு உண்டாக்கியது. அதில் குற்றத்தின் நிழல் படவில்லை. ஆகவே நாற்காலி அரசுக்கு. பள்ளம் கணவருக்கு. மீட்பு அதிகாரி பள்ளத்தை நாற்காலியிலிருந்து பிரித்து, பொறுப்பாளரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

நடைவழியில் கைதட்டினார்கள். மனிதநேயத் தீர்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. முன்பின் தெரியாதவர்கள் கண்ணாடிக்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மச்சினன் மட்டும் படியிறங்கும்போது நாற்காலியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"மாமா, நாம ஜெயிச்சோமா தோத்தோமா?"

"தெரியல. இறங்கு" என்றான் கண்ணாடிக்காரன்.

மீட்பு அதிகாரிக்குச் சில நாள் தூக்கம் போனது. பள்ளத்தை ஒப்படைப்பதற்கு விதிமுறை எதுவும் இல்லை. மேலிடத்தில் கேட்டார். மேலிடம் அதற்கும் மேலே கேட்டது. அங்கிருந்து, தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுக என்று வந்தது. எனவே அவர் மெத்தை தைக்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்காரன் வீட்டுக்கு வந்தார். கையில் முத்திரைப் பை ஒன்று வைத்திருந்தார், பள்ளத்தைப் போட்டுக் கொடுக்க.

நாற்காலியை இறக்கிக் கொடுக்க மச்சினனும் வந்திருந்தான். மெத்தைக்காரர் நாற்காலியைச் சுற்றி வந்தார். துணியைப் பிரித்துப் பஞ்சை எடுத்தால் பள்ளம் நிற்காதே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி தீர்ப்பைக் காட்டினார். மெத்தைக்காரர் கண்ணாடிக்காரனைப் பார்த்தார்.

"இத இப்படியே வச்சுட்டு வேற நாற்காலி ஒண்ணு வாங்கித் தர்றேன் சார். இதவிட நல்லதா" என்றான் அவன்.

அதிகாரி உண்மையாகவே வருந்தினார். "உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு தம்பி. அத மீற எனக்கு அதிகாரம் இல்ல."

நாடாவை அவிழ்த்தார்கள். துணியின் ஓரத்தில் கத்தி ஓடியது. மெத்தைக்காரர் நல்ல தொழிலாளி. பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பஞ்சை அசங்காமல் வெளியே எடுத்தார். மஞ்சள் நிறத்தில், பழைய ரொட்டி போல இருந்தது. நடுவில் பள்ளம் அப்படியே இருந்தது, இடது பக்கம் சாய்ந்து. கண்ணாடிக்காரன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

துணியின் இறுக்கம் போனதும் பஞ்சு மூச்சு விட்டது. அவசரப்படாமல், ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, உப்பிக்கொண்டே வந்தது. நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சினன் "மாமா, அமுக்கிப் பிடிங்க" என்றான். எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கையில் ஒரு தட்டையான பஞ்சு இருந்தது.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். தீர்ப்பில் பள்ளத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, ஆழம் குறிப்பிடவில்லை என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். பள்ளம் ஒன்று, நல்ல நிலையில், பெற்றுக்கொண்டேன். கண்ணாடிக்காரன் போட்டுக்கொடுத்தான்.

அந்த நாற்காலி பிற்பாடு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுப் பஞ்சு வைத்து ஏலத்துக்கு விட்டார்கள். மாமனார் எடுத்தார். இப்போது அது முதல் மாளிகையில் இருக்கிறது. வீட்டுக்காவலில் இருக்கும் முதலாளி, காணொளி வழியே விசாரணைக்கு ஆஜராகும்போது அதில்தான் உட்காருகிறார். ஏலத்தில் வந்த பணம் நாற்காலியைப் பாதுகாத்த செலவுக்கே போதவில்லை. நர்ஸம்மாவுக்கு மன்றத்திலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது.

அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெத்தைக்காரரும் மச்சினனும் வெளியே போனார்கள். அதிகாரி கடைசியாக அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை தரையில் நின்றது. நாற்காலி இருந்த இடத்தில், பிளாஸ்டிக் தரைவிரிப்பில், அதன் நான்கு கால்களும் அழுத்தி நான்கு குழிகள் இருந்தன. அதிகாரியின் கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது.

"இது என்ன, நாலு குழி?"

"தரைவிரிப்பு பழசு சார். வாங்கினப்பவே இப்படித்தான்" என்றான் கண்ணாடிக்காரன்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவன் வாழ்க்கையில் அரசாங்கத்திடம் சொன்ன முதல் பொய் அது. மன்றத்தில் அத்தனை காலம் நின்றதில் அந்த ஒன்றையாவது கற்றுக்கொண்டிருந்தான். அதிகாரி இன்னும் ஒரு கணம் குழிகளைப் பார்த்தார். பிறகு பேனாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரன் கதவைச் சாத்தினான். பஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் சாய்த்து வைத்தான். நான்கு குழிகளுக்கும் நடுவில் போய் நின்றான். பிறகு உட்கார்ந்தான், அவள் பார்த்த பக்கமே பார்த்து.

அங்கிருந்து சன்னல் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முன்னால் விழுந்தது. கண்ணைக் குத்துவதற்கு அங்கே எதுவுமே இல்லை. எதிரே வாசல் கதவு இருந்தது. கதவு மட்டும்தான் இருந்தது. கடையை அடைத்துவிட்டு அவன் தினமும் திறந்துகொண்டு வருகிற கதவு.

அவன் தொழிலே கண் சோதிப்பது. இது தெரிய இத்தனை நாள் ஆனது.

வெகுநேரம் கழித்து மச்சினன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாமா தரையில் உட்கார்ந்து தன்னையே பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். மாமாவின் முகம் நனைந்திருந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டுமே என்று கேட்டான்.

"என்ன மாமா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"இங்க உக்காரலாம்" என்றான் கண்ணாடிக்காரன்.